பள்ளி ஆலோசகர் ஆவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு வரும்போது, தேநீர் இடைவேளையில் யாராவது ஒரு தங்கை பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிடுவார்: "அக்கா, கவுன்செலர் ஆகணும்னா என்ன படிக்கணும்? சைக்கோலஜி எடுத்தா போதுமா?" தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இருப்பதில்லை. பாதி சொல்லும்போதே நிகழ்ச்சி நெறியாளர் எல்லாரையும் உள்ளே அழைத்துவிடுவார். இம்முறை மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தப் பதிலையே எழுதித் தருவதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலேசியாவில் பள்ளி ஆலோசகர் ஆவதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கட்டடத்தில் உள்ளவை. ஒன்று கல்வி அமைச்சின் கதவு. அதன் வழியே நுழைபவர் 'குரு பிம்பிங்ஙான் டான் கவுன்செலிங்', அதாவது வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர். பள்ளிகளில் சுருக்கமாக ஜி.பி.கே. என்பார்கள். மற்றொன்று லெம்பாகா கவுன்செலர் எனப்படும் ஆலோசகர் வாரியத்தின் கதவு. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ், அதாவது 580ஆம் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இவ்வாரியம் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. பதிவு பெற்ற ஆலோசகர் என்ற தகுதியை வழங்குவது இந்த வாரியம்தான். பதிவு இல்லாமல் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம்.

ஆகவே ஒருவர் பள்ளியில் ஆலோசனை அறையில் அமர்ந்திருந்தும் பதிவு பெற்ற ஆலோசகராக இல்லாமல் இருக்கலாம். பதிவு பெற்ற ஆலோசகராக இருந்தும் அரசாங்கப் பள்ளியில் வேலை கிடைக்காமலும் இருக்கலாம். இரண்டு சாவியும் கையில் இருக்கும்படி படிப்பைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். இதை முதலாம் ஆண்டிலேயே எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பள்ளிகளில் வழிகாட்டிச் சேவை 1960களில் தொடங்கியது. பள்ளிதோறும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டுமென்ற சுற்றறிக்கை 1964இல் வெளிவந்தது. ஆனால் அந்த ஆசிரியர் கணிதமும் கற்பிப்பார், கால்பந்தையும் கவனிப்பார், நேரம் கிடைத்தால் வழிகாட்டுவார். இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியரை நியமிக்க அமைச்சரவை இணங்கியது 1996இல்தான். இரண்டு ஆண்டுகளில் ஆலோசகர் சட்டமும் வந்தது. இன்று நாம் பேசும் தொழில் உண்மையில் அந்த இரண்டு முடிவுகளிலிருந்து பிறந்தது.

இனிப் படிப்பு. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் முடித்தவர்கள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு இணையம்வழி விண்ணப்பிக்கும்போது இருவகைப் பட்டங்களைக் காண்பார்கள். வழிகாட்டலும் ஆலோசனையும் என்ற துறையில் கல்வியியல் இளங்கலை ஒருவகை. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகமும் இவ்வகைப் பட்டத்துக்குப் பெயர்பெற்றவை. இதில் ஆசிரியர் பயிற்சியும் ஆலோசனைப் பயிற்சியும் சேர்ந்தே வரும். கல்வியியல் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் மெட்சி எனப்படும் தேர்வை எழுதி, நேர்முகத் தேர்வுக்கும் செல்ல வேண்டும். மெட்சி அறிவுத் தேர்வன்று. உங்கள் இயல்பு ஆசிரியப் பணிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் வினாத்தாள்.

மற்றொரு வகை, கல்வியியல் இல்லாத ஆலோசனை இளங்கலை. வட மலேசியப் பல்கலைக்கழகம் வழங்குவது இத்தகையது. இதைப் படித்தவர்கள் மருத்துவமனை, சமூகநலத் துறை, சிறைச்சாலை, பல்கலைக்கழகம், தனியார் நிறுவனம் என எங்கும் போகலாம். அரசாங்கப் பள்ளிக்குள் ஆசிரியராக நுழைய வேண்டுமானால், பட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டியிருக்கும்.

எஸ்.பி.எம். முடித்த கையோடு ஆசிரியர் கல்விக் கழகத்துக்குச் செல்வோருக்கு அங்கும் ஒரு வழி உண்டு. ஓராண்டு ஆயத்தப் படிப்பு, அதன்பின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. அந்தப் பட்டப்படிப்பில் வழிகாட்டலும் ஆலோசனையும் ஒரு துறை. எந்த ஆண்டில் எந்தத் துறைக்கு இடம் திறப்பார்கள் என்பது அமைச்சின் தேவையைப் பொறுத்தது. ஆதலால் விளம்பரம் வரும்போதுதான் தெரியும்.

சைக்கோலஜி பற்றிக் கேட்ட தங்கைக்கு இப்போது பதில். உளவியல் இளங்கலை நல்ல அடித்தளம். ஆனால் அது ஆலோசனைப் பட்டமன்று. உளவியல் படித்தவர், நம் இந்திய ஆய்வியல் துறையில் படித்தவர், ஏன், பொறியியல் படித்தவர்கூட, ஆலோசனைத் துறையில் முதுகலை செய்து வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ உளவியலாளர் ஆவது முற்றிலும் வேறு பாதை. அவர்கள் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். மனநல மருத்துவர் என்றால் முதலில் மருத்துவராக வேண்டும். வீட்டில் மூன்றையும் ஒன்றாகவே நினைப்பார்கள். "பைத்தியக்கார டாக்டருக்கா படிக்கிறே?" என்று என் பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்தப் பட்டமாயினும் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பாடத்திட்டத்தை ஆலோசகர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று வாரியத்திடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டத்தின் பெயரில் 'கவுன்செலிங்' என்ற சொல் இருப்பது மட்டும் போதாது. நான்காண்டு படித்து முடித்தபின் பதிவுக்குத் தகுதியில்லை என்று அறிவதைவிட வேதனை வேறில்லை.

அங்கீகாரம் பெற்ற பட்டத்தை முடித்தவர் வாரியத்தில் பதிவுக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வில் தேறினால் பதிவுச் சான்றிதழ் கிடைக்கும். அதுதான் கவுன்செலர் பெர்டாஃப்தார், சுருக்கமாக கே.பி. இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தொழில் நடத்துவதற்கு இன்னொரு சான்றிதழ் வேண்டும். பெராகுவான் அமாலான், சுருக்கமாக பி.ஏ. பதிவு ஒருமுறை செய்வது. பி.ஏ. சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிலரங்குகளிலும் கருத்தரங்குகளிலும் கலந்துகொண்டதற்கான சான்றுகள் கேட்கப்படும். இரண்டும் பெற்றவர் தம் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். என் மாமா ஒருவர் முகவரி அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் பி.ஏ.தானா? எம்.ஏ. எப்போ?" என்றார். நான் முதுகலை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சான்றிதழ்கள் இருக்கட்டும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இத்துறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "நான் நல்லா அறிவுரை சொல்வேன், கூட்டாளிங்க எல்லாம் என்கிட்டதான் வருவாங்க" என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வேலையாக அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறார்கள்.

கோட்பாட்டு வகுப்புகளில் கார்ல் ரோஜர்சு முதலிய பலரைப் படிப்பீர்கள். வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவர் இடத்திலிருந்து உணர்வது, பாசாங்கு இல்லாமல் இருப்பது என்று ரோஜர்சு 1957இல் எழுதியவை தேர்வுத்தாளில் எழுத எளியவை. பயிற்சிப் பணியில்தான் அவற்றின் கனம் தெரியும். மாணவரின் ஒப்புதலோடு சந்திப்பை ஒலிப்பதிவு செய்து, அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, மேற்பார்வை விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டும். அரை மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஓர் இரவு பிடித்தது. எழுதி முடித்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வரிகள் என்னுடையவை! மாணவி பேசியது "ஆமா டீச்சர்", "இல்ல டீச்சர்", "தெரியல டீச்சர்". விரிவுரையாளர் தாளைத் திருப்பித் தந்து, என் வரிகளில் எவையெல்லாம் தேவையில்லாதவை என்று நானே அடித்துக் காட்டச் சொன்னார். சிவப்பு மை தீர்ந்துபோகும் அளவுக்கு அடித்தேன்.

அதே பயிற்சிக் காலத்தில் நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருந்தாலும், வருகிறவர்களுக்குப் பயன்படும்.

நகர்ப்புற இடைநிலைப்பள்ளி ஒன்றில் இருந்தேன். அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்று இரண்டாம் படிவ மாணவன் ஒருவனைக் கட்டொழுங்கு ஆசிரியர் அழைத்துவந்தார். முதல் சந்திப்பில் மலாயில்தான் பேசினோம். "தாக் அடா அபா-அபா, சிக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் அவன் சொல்லவில்லை. இரண்டாம் முறை வந்தபோது தமிழில், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றான். அங்கிருந்து பேச்சு வந்தது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஏழு மணிக்கு வேலை முடிந்து, தொழிற்சாலைப் பேருந்தில் வீடு வந்து சேர எட்டாகிவிடும். அதுவரை இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள இவனை விட்டால் ஆளில்லை. அம்மா வந்தபின் புறப்பட்டால் பள்ளி வாயிற்கதவு மூடியிருக்கும். தாமதமாக வந்து பெயர் எழுதப்படுவதைவிட வராமலே இருந்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். இதைப் பள்ளியில் சொன்னால் சமூகநல இலாகாவினர் வந்து தங்கையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். அதனால் யாரிடமும் சொல்லாதே என்று கட்டளை.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவனுடைய வகுப்பாசிரியர், "அவனைக் கண்டிச்சிங்களா?" என்று கேட்டார். பாவம், பையனைத் திட்டாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவரும் நல்லவர்தான். மறுவாரம் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும், அன்பாகவே கேட்டார்: "இன்னிக்குத் தங்கச்சிய யாருப்பா பார்த்துக்கிறாங்க?" அவன் அதன்பிறகு என் அறைக்கு வரவில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் திரும்பிப் போய்விடுவான். என் பயிற்சி முடியும்வரை அப்படித்தான்.

மேற்பார்வை விரிவுரையாளரிடம் போய் அழுதேன். அவர் திட்டவில்லை. "அவனிடம் அனுமதி கேட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அனுமதி கேட்டிருந்தால், அவன் ஒருவேளை 'தாமதத்துக்கு வீட்டில் காரணம் இருக்கிறது' என்பதை மட்டும் சொல்லச் சம்மதித்திருப்பான். அந்த ஒரு வரி போதும், துணைத் தலைமையாசிரியரிடம் பேசி வாயிற்கதவைத் திறக்க வைத்திருக்கலாம். தங்கையின் கதை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

இரகசியக் காப்பு என்பது ஆலோசகர்களின் நெறிமுறைக் கோவையில் உள்ள முதன்மையான கடமை. ஆனால் அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையையும் தெரிந்துதான் நாற்காலியில் உட்கார வேண்டும். 2017ஆம் ஆண்டின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது 792ஆம் சட்டம், இத்தகைய குற்றத்தைப் பற்றி அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இதில் ஆலோசகருக்குத் தனிச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றாலும் மௌனம் காக்க முடியாது. எனவே முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும்: நீ சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் நான் சிலரிடம் சொல்லியாக வேண்டும், அப்போதும் உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன். அவசரம் கருதிப் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பின்னால் அதற்கான விலையைக் கொடுப்பது மாணவர்தான்.

தற்கொலை முயற்சி பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் அது நெடுங்காலம் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியதாக இருந்தது. பிள்ளைக்கு உதவி தேடினால் போலீசில் மாட்டிக்கொள்வோமோ என்று குடும்பங்கள் மூடி மறைத்தன. 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இச்செய்தி நம் பெற்றோர் பலரை இன்னும் சென்றடையவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் இதைத் தமிழில் சொல்லும்போது, பின்வரிசையில் ஓரிருவர் நிமிர்ந்து உட்காருவதைக் கவனித்திருக்கிறேன்.

தமிழில் என்று சொன்னேன். இதைப் பற்றி எழுதாவிட்டால் தமிழ்ப் பேரவை மலரில் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. பயிற்சியின்போது தமிழில் நடந்த சந்திப்புகளை மேற்பார்வையாளருக்காக மலாயில் பெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "மனசு பாரமா இருக்கு" என்பதை எப்படிப் பெயர்ப்பது? சோகம் என்றா, சோர்வு என்றா, குற்றவுணர்ச்சி என்றா? மூன்றுமாக இருக்கலாம், அவளிடமே கேட்டால்தான் தெரியும். பெயர்க்கும் வேலையே என்னைக் கேட்கப் பழக்கியது. அதேபோல், நாம் நாளேடுகளில் 'மன அழுத்தம்' என்று எழுதுகிறோம். தேர்வு நேரத்துப் பதற்றத்துக்கும் அதே சொல், மாதக்கணக்கில் படுக்கையிலிருந்து எழ முடியாத நோய்க்கும் அதே சொல். பின்னதை மனச்சோர்வு நோய் என்று பிரித்துச் சொல்லாவிட்டால், "எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு, இவனுக்கு மட்டும் என்ன?" என்று அப்பா கேட்பதில் வியப்பில்லை.

ஆலோசகர் என்ற சொல்லே எனக்கு முழுமையாக உவப்பில்லை. ஆலோசனை சொல்பவர் என்றுதானே பொருள்? நாங்கள் செய்யும் வேலையோ பெரும்பாலும் கேட்பது. இலங்கைத் தமிழர்கள் உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் அந்த வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது. நம் நாட்டில் ஆலோசகர் என்பது நிலைத்துவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்.

தமிழ் பேசும் ஆலோசனை ஆசிரியர் தமிழ் மாணவருக்கு மட்டுமே உரியவர் என்று யாரும் எண்ண வேண்டாம். என் அறைக்கு வருவோரில் மலாய், சீன மாணவர்களும் உண்டு. மூவருக்கும் ஒரே நாற்காலிதான். ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு முதலாம் படிவத்துக்கு வரும் பிள்ளை, வீட்டில் நடந்த சண்டையை மலாயில் சொல்லத் தடுமாறும்போது, தமிழ் காதில் விழுந்தால் தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தொடக்கப்பள்ளிகளில் நிலைமை இன்னும் கடினம். முழுநேர ஆலோசனை ஆசிரியர் நியமனம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், அவற்றுள் பல குறைந்த மாணவர்களைக் கொண்டவை. அங்கே வகுப்பாசிரியரே எல்லாமுமாக இருக்கிறார். நீங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவே போவதானாலும், ஆலோசனைத் திறன் பயிற்சி ஒன்றைப் பெற்றுச் செல்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேலை எப்படி இருக்கும்? மாணவரின் ஆளுமை வளர்ச்சி, தன்னொழுங்கு, தொழில் வழிகாட்டல், உளச்சமூக நலன் என நான்கு பிரிவுகளாக அமைச்சு அதை வகுத்திருக்கிறது. ஆர்வச் சோதனை, ஆளுமைச் சோதனை முதலியவற்றை நடத்தி விளக்குவதும், எஸ்.பி.எம். மாணவருக்கு மேற்கல்வி விண்ணப்பங்களில் உதவுவதும், பெம்பிம்பிங் ரக்கான் செபாயா எனப்படும் சக மாணவ வழிகாட்டிகளைப் பயிற்றுவிப்பதும் நம் தலையில்தான். இவை எழுத்தில் உள்ளவை. எழுத்தில் இல்லாதவையும் உண்டு. ஆசிரியர் வராத வகுப்புக்கு ஓடுவது, பரிசளிப்பு விழாவுக்கு அறிவிப்பாளராவது, உதவித்தொகைப் பாரங்களை எண்ணுவது. சில பள்ளிகளில் ஆலோசனை அறை கட்டொழுங்கு அறைக்கு அடுத்ததாக இருக்கும். எந்த மாணவன் தானாக வருவான்? முடிந்தால் முதல் ஆண்டிலேயே தலைமையாசிரியரிடம் பேசி அறையை மாற்றுங்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது, புத்தகம் எடுக்கப் போவதுபோல் வரலாம்.

சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆதலால் நானே சொல்கிறேன். ஜி.பி.கே.யும் மற்றப் பட்டதாரி ஆசிரியரைப்போல் கல்விச் சேவை ஆணையத்தின்வழி நியமிக்கப்படுபவர். தொடக்க நிலை டி.ஜி. 41 என்று இருந்தது. 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதியத் திட்டத்துக்குப்பின் அது டி.ஜி. 9. பதிவு பெற்றவர் என்பதற்காக முதல் மாதச் சம்பளம் கூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நியமனம் சபாவிலோ சரவாக்கிலோ கிடைக்கலாம், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏற்கெனவே தமிழாசிரியராக இருப்பவர்கள் அமைச்சின் கூட்டரசுப் பயிற்சி உதவி வழியே ஆலோசனை முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர் விவகாரப் பிரிவில் ஆலோசனைப் பகுதி இருக்கும், சக மாணவ உதவியாளர்களைச் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். ஒருமுறையாவது நீங்களே அங்கே போய் ஆலோசகரின் எதிரே உட்கார்ந்து பேசுங்கள். மாணவரின் நாற்காலி எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதிர் நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆலோசனைத் துறையிலேயே படிப்பவர்கள் பயிற்சிப் பணியின் மணிக்கணக்குப் பதிவேட்டை அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடுங்கள். விரிவுரையாளர் பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின், அவரைத் தேடி ஈப்போவுக்குப் பேருந்தில் சென்ற அனுபவம் எனக்கு உண்டு. நல்லவேளை, கையொப்பமும் கிடைத்தது, மதியச் சாப்பாடும் கிடைத்தது.